எண்ணுவதற்கு முன் கேட்கப்பட்டது: குடிசன மதிப்புகளில் நமது சமூகம்

ஸஹீஹுல் புகாரியின் ஜிஹாத் பற்றிய பாடத்தில் ஒரு ஹதீஸ் வருகிறது. இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். 1,500 ஆண்களை எழுதிக் கொடுத்தோம் என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதே செய்தி வேறு அறிவிப்பாளர் வழியாக வரும்போது 500 என்கிறது. இன்னொரு வழியில் 600க்கும் 700க்கும் இடைப்பட்ட தொகை. விளக்கவுரை எழுதிய அறிஞர்கள் இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு நிறைய யோசித்திருக்கிறார்கள். பெண்கள், பிள்ளைகள், அடிமைகள் எல்லோரும் சேர்ந்தால் 1,500, ஆண்கள் மட்டும் என்றால் 600 - 700, போருக்குப் போகக்கூடியவர்கள் 500 என்று சிலர் பொருத்திப் பார்த்தார்கள். முதல் அறிவிப்பே ஆண்கள் என்றுதானே சொல்கிறது, பிறகு அதில் பெண்களைச் சேர்ப்பது எப்படி என்று அதற்கு மறுப்பும் வந்தது.

எந்தப் பக்கம் சரி என்பதை ஹதீஸ் துறையினரிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு அந்த விவாதத்தின் வடிவம்தான் பிடித்திருக்கிறது. கூட்டல் பிழைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரை எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள் என்றே கேட்டார்கள். இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வு முறையியல் என்ற பாடத்தின் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பதும் அதுதான். ஆய்வுக்குரிய குடித்தொகையை முதலில் வரையறு, பிறகு எண்ணு. இன்னொன்றும் அதில் உண்டு. பட்டியலில் சேர்வதற்கான தகுதி, ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. எழுதுகிறவர் ஆளைப் பார்த்து முடிவு கட்டுவதில்லை. (இதே ஹுதைஃபா (ரலி) அவர்களைத்தான் பின்னாளில் உமர் (ரலி) அவர்கள், உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களோடு சேர்த்து ஈராக்கின் நிலங்களை அளக்க அனுப்பினார்கள். கணக்கெடுப்பில் கை தேர்ந்தவர் போலும்.)

இலங்கையில் நம்மை எண்ணியவர்கள் இந்த இரண்டு விடயங்களையும் எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பற்றியே எழுத நினைக்கிறேன். நமது எழுத்தாளர்கள் குடிசன மதிப்பு அறிக்கைகளை மேற்கோள் காட்டாத மேடையில்லை. எண்ணை எடுக்கிறோம், அந்த எண்ணைப் பெற்றெடுத்த கேள்வி என்ன, யார் கேட்டது, யாரிடம் கேட்டது என்று பார்ப்பது குறைவு.

ஒல்லாந்தரும் எண்ணினார்கள், 1814இலும் 1824இலும் ஆங்கிலேயரும் எண்ணினார்கள். ஆனால் ஒரே நாளில் நாடு முழுவதையும் கணக்கெடுத்த முதலாவது ஒழுங்கான மதிப்பு 1871 மார்ச் 27ஆம் திகதி நடந்தது. மொத்தம் 24 இலட்சம் பேர். அந்த அறிக்கை மக்களை 78 'தேசியங்கள்' என்றும் 24 'இனங்கள்' என்றும் பிரித்தது. சாதி, தொழில், பிறந்த ஊர், மதம் எல்லாம் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தன. பத்து வருடம் கழித்து 1881இல் அதே மக்கள் ஏழு இனங்களாகிவிட்டார்கள்: ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ஏனையோர். இடைப்பட்ட பத்து வருடத்தில் பதினேழு இனங்கள் அழிந்துபோகவில்லை. மாறியது நிரல். காகிதத்தின் அகலத்துக்கு ஏற்ப மனிதர்கள் சுருங்கினார்கள்.

அந்த ஏழில் ஒன்றாகத்தான் நாம் நிலைத்தோம். 1881இல் ஏறத்தாழ 184,500 சோனகர், நூற்றுக்கு 6.7 பேர். 'மூர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் போர்த்துக்கேயர். வட ஆபிரிக்க முஸ்லிம்களோடு பொருதிய பழக்கத்தில் இந்து சமுத்திரத்தில் கண்ட முஸ்லிம்களையும் அதே பெயரால் அழைத்தார்கள். 'சோனகர்' என்பது அதைவிடப் பழைய தமிழ்ச் சொல், யவனரோடு உறவுடையது. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சொல்லில் ஒரு வாஞ்சை உண்டு. யாழ்ப்பாணத்திலே சோனக தெரு இருக்கிறது. ஆனால் உயர்தர வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "நான் முஸ்லிம் சேர்" என்பார்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் 'இலங்கைச் சோனகர்' என்றிருக்கும். "அது ஆர் சேர்?" என்று கேட்ட பிள்ளையும் உண்டு. ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயரும் படிவம் அவருக்குக் கொடுக்கும் பெயரும் இவ்வளவு தூரத்தில் இருக்கும்போது, ஆய்வாளர் அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இந்தப் பெயர் பற்றி நமது வரலாற்றில் நடந்த பெரிய வாதம் எல்லோருக்கும் தெரிந்ததே. சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டசபையில் பேசியதையும், 1888இல் ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரையாகப் படித்ததையும் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலெழுதி மறுத்தார். இடையில் 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் சட்டசபைக்கு நியமனமானார். அரசியலை விடுவோம். முறையியல் கண்ணோடு பார்த்தால் இராமநாதன் செய்தது என்ன? மொழி, வழக்கம், உடல்தோற்றம் முதலானவற்றை அளவுகோலாக வைத்து, அவற்றில் தமிழரோடு ஒத்துப்போகிறவர் தமிழரே என்று முடித்தார். அளவுகோலைத் தெரிவு செய்த இடத்திலேயே முடிவு தீர்மானமாகிவிட்டது. வீட்டில் பேசும் மொழி ஒருவரின் இனத்தைக் காட்டும் என்பது நிறுவப்பட வேண்டிய ஒன்று. அவர் அதை நிறுவாமலே தொடக்கத்தில் வைத்துவிட்டார். அப்துல் அஸீஸ் அரபு வம்சாவளியை முன்வைத்ததிலும் இதே சிக்கல் மறுபக்கமாக உண்டு என்பது என் அபிப்பிராயம். சிலர் இதை விரும்பமாட்டார்கள். இரண்டு பேருமே அறிஞர்கள், இரண்டு பேருக்கும் ஆசனக் கணக்கு ஒன்று பின்னால் இருந்தது.

1901ஆம் ஆண்டு மதிப்பை நடத்தியவர் இராமநாதனின் தம்பி பொன்னம்பலம் அருணாசலம். அதில் சிங்களவர் கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று பிரிந்தார்கள். 1911இல் டென்ஹம் நடத்திய மதிப்பில் நமது முறை வந்தது: இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர். காயல்பட்டினம், கீழக்கரை, மலபார்ப் பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்து போனவர்கள் ஒரு நிரலிலும் இங்கு நிலைத்தவர்கள் மறு நிரலிலும் வைக்கப்பட்டார்கள். நான்கு வருடத்தில் 1915 கலவரம் வந்தது. கரையோரச் சோனகர் என்று அழைக்கப்பட்ட இந்திய வியாபாரிகள் மீதுதான் கோபம் என்றார்கள். கடைக்குத் தீ வைக்க வந்தவன் யார் எந்த நிரல் என்று விசாரிக்கவில்லை. கண்டியில் தொடங்கியது பல மாகாணங்களுக்குப் பரவி எல்லா முஸ்லிம்களையும் தொட்டது.

இந்தியச் சோனகர் என்ற நிரலின் பிற்கால வரலாறு இன்னும் சுவையானது. 1963இல் ஏறத்தாழ 55 ஆயிரம் பேர். 1971இல் ஏறத்தாழ 27 ஆயிரம். எட்டு வருடத்தில் பாதி. 1981 அட்டவணையில் அந்த நிரலையே காணோம். இப்படியொரு வீழ்ச்சி மரணத்தால் வராது. பிரஜாவுரிமைச் சட்டங்களுக்குப் பிறகு ஒரு பகுதியினர் தாயகம் திரும்பினார்கள். இங்கே தங்கியவர்களுக்கோ 'இந்திய' என்ற அடைமொழி பாரமாகிவிட்ட காலம் அது. கணக்கெடுக்க வருகிறவர் அரசாங்கத்தின் ஆள். அவரிடம் 'இந்தியச் சோனகர்' என்று சொல்வதும் 'இலங்கைச் சோனகர்' என்று சொல்வதும் ஒன்றல்ல என்பது ஒரு வியாபாரிக்குப் புரியாதா? எனவே 1963க்கும் 1981க்கும் இடையில் இலங்கைச் சோனகரின் தொகை கூடியதை முழுக்கப் பிறப்புக் கணக்கில் எழுதுகிறவர்கள் இந்த நிரல் மாற்றத்தைக் கழிக்காமல் எழுதுகிறார்கள்.

இது ஏட்டுச் சர்ச்சை இல்லை. கடந்த பத்துப் பதினைந்து வருடமாக 'முஸ்லிம்கள் பெருகுகிறார்கள், நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள்' என்ற பேச்சு எங்கிருந்து பலம் பெற்றது? இலங்கைச் சோனகர் 1981இல் 7.05 சதவீதம், 2012இல் 9.3 சதவீதம் என்ற இரண்டு எண்களிலிருந்து. எண்கள் பொய்யில்லை. ஆனால் சதவீதம் ஒரு பின்னம். அதற்குக் கீழே ஒரு பகுதி இருக்கிறது. அந்த முப்பத்தொரு வருடத்தில் இலட்சக்கணக்கான தமிழர் யுத்தத்தினால் நாட்டை விட்டுப் போனார்கள். ஏராளமானோர் உயிரிழந்தார்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் மலையகத் தமிழர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதும் எண்பதுகளின் தொடக்கம் வரை தொடர்ந்தது. மொத்தத்தில் ஒருவர் குறைந்தால் மற்றவரின் பங்கு தானாகக் கூடும். நமது சமூகத்தில் பிறப்பு வீதம் சற்று அதிகமாக இருந்தது உண்மையே; அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. முழுவதையும் அதன் தலையில் கட்டுவதுதான் பிழை. 1881இல் 6.7, 131 வருடத்தின் பின் 9.3 என்று நீட்டி எழுதினால் அதே எண்கள் வேறு முகம் காட்டும்.

'சோனகர்' வேறு 'முஸ்லிம்' வேறு என்பதையும் நமது மேடைகள் மறந்துவிடுகின்றன. 2012 படிவத்தில் இனத்துக்கு ஒரு கேள்வி, மதத்துக்கு இன்னொரு கேள்வி. இனத்தில் இலங்கைச் சோனகர் 9.3, மதத்தில் இஸ்லாம் 9.7. இடையிலுள்ள 0.4இல் பாதியளவு மலாயர், 44 ஆயிரம் பேர். 1981இல் அவர்கள் 47 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தவர்கள். நாடு வளர ஒரு சமூகம் குறைந்திருக்கிறது. அந்த இல்லங்களில் சோனகரோடு கலப்புத் திருமணங்கள் அதிகம், பிள்ளை எந்த நிரலில் விழுகிறது என்பதைத் தகப்பனோ படிவம் நிரப்புபவரோ தீர்மானிக்கிறார். மேமனுக்கும் போராவுக்கும் தனி நிரல் இல்லை.

இனி வடக்குக்கு வருகிறேன்.

1981 மதிப்பின்படி வட மாகாணத்தில் ஏறத்தாழ 50 ஆயிரம் முஸ்லிம்கள். மன்னார் மாவட்டத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல். 1990 ஒக்டோபரில் இவர்கள் எல்லோரும் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணித்தியாலங்களுக்குள் விரட்டப்பட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் 75 ஆயிரம் என்று ஒருவர் எழுதுவார், 72 ஆயிரம் என்று இன்னொருவர், ஒரு இலட்சம் என்று மேடையில் சொல்வார்கள். ஏன் ஒரு எண் இல்லை? எண்ண வேண்டிய நேரத்தில் எண்ணவில்லை. 1991இல் வந்திருக்க வேண்டிய குடிசன மதிப்பு நடக்கவே இல்லை. 2001இல் நடந்தபோது 18 மாவட்டங்களில்தான் முழுமையாக முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழும் அரைகுறை. ஆகவே வடக்கு முஸ்லிமைப் பொறுத்தவரை 1981க்கும் 2012க்கும் இடையில் அரசாங்கத்தின் முழுக் கணக்கு என்று ஒன்றில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லா, அவரே மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர், அகதிச் சமூகத்தின் இழப்புகளை வீடு, காணி, தொழில் என்று திரட்டி 2001இல் நூலாக்கியிராவிட்டால் இன்று நம் கையில் வாய்மொழி தவிர வேறென்ன இருந்திருக்கும்? 2011இல் சட்ட சமூக நம்பிக்கை நிதியம் வெளியிட்ட பிரஜைகள் ஆணைக்குழு அறிக்கையும் இந்த வரிசையில் வைக்கத்தக்கது.

2012இல் நாடு முழுவதும் எண்ணினார்கள். இப்போது கேள்வி வேறு விதமாகக் கடித்தது. ஒருவரை அவருடைய வழமையான வதிவிடத்தில் எண்ண வேண்டும் என்பது விதி. கொழும்பில் வேலை செய்து வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறவருக்கு அந்த விதி சிக்கலில்லை. புத்தளத்தில் இருபத்திரண்டு வருடம் ஓலைக் குடிசையிலும் பிறகு கல்வீட்டிலும் இருந்து, முசலியில் காடு வெட்டி வாப்பாவின் காணியில் ஒரு கொட்டில் போட்டிருக்கும் மனிதரின் வழமையான வதிவிடம் எது? மகள் புத்தளத்தில் படிக்கிறாள். வாப்பாவின் கபுறு மன்னாரில். அவரைக் கேட்டால் "எங்கட ஊர் மன்னார்தானே" என்பார். படிவத்தில் ஊர் என்ற சொல் இல்லை, வதிவிடம் என்ற சொல்தான் இருக்கிறது. 2012இல் மன்னார் மாவட்டத்தில் முஸ்லிம் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று என்று வந்தது. வாக்காளர் இடாப்பு, வீடமைப்புத் திட்டம், பாடசாலைக்கு ஆசிரியர் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வருபவை. இரண்டு இடத்திலும் பதியப் பார்க்கிறார்கள் என்று ஒரு பக்கம் குற்றச்சாட்டு. இரண்டு இடத்திலும் விடுபட்டோம் என்று மறுபக்கம் முறைப்பாடு. திணைக்களத்தின் விதி உலக வழக்கத்துக்கு ஏற்ற விதிதான், அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் 'இடம்பெயர்வதற்கு முன் எந்த மாவட்டம், திரும்ப எண்ணமுண்டா' என்ற இரண்டு கேள்விகளை வைத்து வடக்கு முஸ்லிமுக்கென ஒரு தனி ஆய்வு செய்திருந்தால் சண்டையில் பாதி தீர்ந்திருக்கும். அரசாங்கம் செய்யாவிட்டால் நமது அமைப்புகள் செய்திருக்கலாம். கூட்டம் போட்ட காசில் ஒரு பகுதி போதும்.

விடுபடுவது என்பது குடிசன மதிப்போடு நிற்கவில்லை. வறுமையை அளக்கும் வீட்டு வருமான, செலவின ஆய்வு மாதிரி எடுத்துச் செய்யப்படுவது. எல்லா வீட்டுக்கும் போகத் தேவையில்லை. சட்டியில் சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு சில பருக்கை போதும். ஆனால் பருக்கை சட்டி முழுவதிலுமிருந்து வர வேண்டும். 2002 ஆய்வு வடக்கையும் கிழக்கையும் முழுமையாக விட்டுவிட்டது. 2006/07இல் வடக்கும் திருகோணமலையும் இல்லை. இந்த நாட்டு முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கிழக்கில் வாழ்கிறார்கள். வயல், மீன்பிடி, நெசவு, கூலி. அவர்களை விட்டுவிட்டு எடுத்த மாதிரியில் முஸ்லிம் என்றால் யார்? கொழும்பிலும் கண்டியிலும் கடை வைத்திருப்பவர். 'முஸ்லிம்கள் வசதியான சமூகம்' என்று பேசுவோர் அந்தக் காலத்து அட்டவணைகளை எடுத்து வைத்தால், எந்த மாவட்டங்கள் உள்ளே என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி கேட்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாடசாலையில் உயர்தர மாணவரின் குழுச் செயற்றிட்டங்களை மேற்பார்வை செய்வது என் பொறுப்பு. ஒரு குழு சீதனத்தைப் பற்றி ஊரில் ஆய்வு செய்தது. வினாக்கொத்தின் முதல் கேள்வி: "உங்கள் மகளுக்குச் சீதனம் கொடுத்தீர்களா?" பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இல்லை, இல்லை, இல்லை. ஒரு மாமி பிள்ளைகளைத் திட்டியே அனுப்பினா: "நாங்க ஹறாமானது செய்யிற ஆக்களா?" அவ பொய் சொல்லவில்லை. கிழக்கிலே வீட்டை மகளுக்குக் கொடுத்து மருமகனை அங்கே இருத்துவது தலைமுறை வழக்கம். அதை அவ சீதனம் என்று நினைப்பதில்லை. உம்மா செய்ய வேண்டிய கடமை. சட்டமும் அவ பக்கம்தான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்று பணத்தையும் அசையும் சொத்தையும் மட்டுமே சொல்கிறது. வீடு அதில் வராது. இரண்டாம் சுற்றில் கேள்வியை மாற்றினோம். இந்த வீட்டு உறுதி யார் பெயரில், எந்த வருடம் மாற்றினீர்கள், மகளுக்குக் கலியாணம் எந்த வருடம் என்று வேறு வேறு இடத்தில் கேட்டோம். விடைகள் தாமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. 'சீதனம்' என்ற சொல்லே அந்தப் படிவத்தில் இல்லை.

யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்பதும் அப்படித்தான். ஆண் பிள்ளைகள் போன வீட்டில் வாப்பா பதில் சொன்னார். படிப்பை இடையில் விட்டவர் எவரும் இல்லை என்றார். அதே வீட்டுக்குப் பெண் பிள்ளைகள் போய்க் குசினியில் உம்மாவோடு கதைத்தபோது, ஒவ்வொரு பிள்ளையும் எத்தனையாம் வகுப்பு வரை என்று கேட்டபோது, ஒன்பதோடு நின்ற மகள் கணக்கில் வந்தாள். 1871 முதல் இந்த நாட்டில் வாசலில் நின்று கணக்கெடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், பதில் சொன்னவர்கள் குடும்பத் தலைவர்கள். நமது பெண்களைப் பற்றிய பழைய எண்களைப் பயன்படுத்தும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வருடம் மாதிரி எடுக்கப் பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. பள்ளிவாசல் சந்தாப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டோம். நிருவாகத்தினர் தயங்காமல் கொடுத்தார்கள். அழகான கையெழுத்து, ஒழுங்கான இலக்கங்கள். ஆனால் அது சந்தா கட்டும் குடும்பங்களின் பட்டியல். கைம்பெண் தனியே நடத்தும் வீடு அதில் அண்ணன் பெயருக்குள் மறைந்திருக்கிறது, வாடகைக்கு வந்தவர் இல்லை, ஆற்றங்கரைப் பக்கம் புதிதாகக் குடியேறிய வீடுகள் இல்லவே இல்லை. எனவே பிள்ளைகள் கொப்பியும் பென்சிலுமாக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து வேறொரு பட்டியல் எழுதுகிறார்கள். பதிவேட்டில் காணாத வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலாம் குறுக்குத் தெரு முடிந்து இப்போது இரண்டாவதில் நிற்கிறார்கள்.